ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்கள்



மொழிக்கென அமைந்த இம்மேடையில், ஊடுகதிர்ப் படமெடுக்கும் ஒருவருக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். அழைப்பு வந்தபோது நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால், வட மாநிலங்களில் பணியாற்றும் மருத்துவப் படிமத் துறையினர் சார்பில் பரிந்து பேசும் பொறுப்பை ஊதியமின்றி ஏற்ற நாள்முதல், என் நேரத்தில் பெரும்பகுதி கருவிகளோடு அன்றிச் சொற்களோடுதான் கழிந்திருக்கிறது.

எங்களுக்கு நிலையான பெயர்கூட இல்லை. மலாயில் 'ஜூரு எக்ஸ்ரே'. நோயாளிகளுக்குப் 'படம் பிடிக்கிறவர்', சிலருக்கு 'நர்ஸ்'. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று "மூச்சை அடக்குங்கள்" என்று சொல்லும் குரல், அவ்வளவே.

அந்தக் கண்ணாடி தொடக்கத்தில் இல்லை. ரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பர் 8ஆம் நாள். எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, கண்ணாடி ஊதும் தொழில் அறிந்தவர். குழாய் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கத் தம் கையையே கதிரின்முன் நீட்டுவார். புண் புற்றாகி, இரு கைகளையும் இழந்து, 1904இல் இறந்தார். அவருக்கு நேர்ந்த பாதிப்பைக் கண்ட எடிசன் அவ்வாய்வையே கைவிட்டார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், இவ்வாறு கதிரால் மாண்டவர்களுக்கு 1936இல் எழுப்பிய நினைவுத்தூணில் முதலில் பொறித்த பெயர்கள் 169. மருத்துவர், இயற்பியலாளர் பெயர்களோடு தொழில்நுட்பர் பெயர்களும் அதில் உண்டு.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1இல் நடப்புக்கு வந்தது. அது பட்டியலிடும் 23 தொழில்களுள் எங்கள் தொழிலும் ஒன்று. அமெரிக்காவில் 1981லேயே இத்தகைய கூட்டரசுச் சட்டம் இயற்றினர். ஆயினும் பின்பற்றுவதை மாநிலங்களின் விருப்பத்திற்கு விட்டதால், சில மாநிலங்களில் இன்றும் படமெடுக்க உரிமம் தேவையில்லை. அவ்வகையில் நாம் நல்ல நிலையில் இருக்கிறோம். எனினும் பட்டியலில் பெயர் ஏறியதும் இரவுப் பணிக்கு ஆள் வந்துவிடுவதில்லை.

ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் பேச ஒரு கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. ஊரும் பேரும் வேண்டா. கிலோவோல்ட், மில்லியாம்பியர், வழிகாட்டுநெறி என்று அடுக்கினேன். அலுவலர் ஒருவர், "பொத்தானை அழுத்துவதற்கு இத்தனை பேர் எதற்கு?" என்றார். ஏளனமாக அன்று, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் விடையும் இல்லை.

அடுத்த முறை ஓர் இரவை மட்டும் சொன்னேன். பணியில் ஒருவரே. விபத்தில் சிக்கிய இளைஞருக்குக் கழுத்துப் படம். அதே நேரம் வார்டில் கைக்குழந்தைக்கு மார்புப் படம். குழந்தை அசைந்தால் படம் மங்கும். மங்கினால் மறுபடி எடுக்க வேண்டும். பதற்றமின்றி எடுத்திருந்தால், அந்த இரண்டாம் கதிர் அக்குழந்தைக்குத் தேவைப்பட்டிராது. அவர் குறித்துக்கொண்டார். மூவரைக் கேட்டோம், ஒருவர் கிடைத்தார்.

தமிழாசிரியர்களிடம் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. நம் செய்தித்தாள்களும் சில அறிவிப்புப் பலகைகளும் எங்கள் பிரிவைக் 'கதிரியக்கப் பிரிவு' என்கின்றன. அணுக்கரு தானே சிதைந்து கதிரை வெளியிடுவதுதான் கதிரியக்கம். ஊடுகதிர்க் குழாயிலோ, மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், விளக்கை அணைத்தாற்போல. கதிரியக்க மருந்தை உடலில் செலுத்தும் அணு மருத்துவம் வேறு. இந்த ஒரு சொற்பிழையால், தோட்டப்புறத்துப் பாட்டி ஒருவர் மார்புப் படம் எடுத்தபின் மூன்று நாள் பேரப்பிள்ளையைத் தூக்கவில்லை. "என் உடம்பில் அது ஒட்டியிருக்குமே, ஐயா" என்றார். அப்படத்தின் கதிரளவு 0.1 மில்லிசீவர்ட் அளவில்தான் இருக்கும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் இயற்கையாகப் பெறுவது, உலகச் சராசரியில், ஆண்டுக்குச் சுமார் 2.4. இதை நான் சொன்னபோது பாட்டி தலையசைத்தார். நம்பினாரா என்பது ஐயமே. 'ஊடுகதிர்ப் பிரிவு' என்று பலகை இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு நேரம் பிடித்திராது.

இன்று நான் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. படமெடுக்கும் அறையின் வாயிலில் நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பு இருக்கும். நான் சென்ற ஒரு மருந்தகத்தில் அதன் தமிழ்ப் பகுதி, "கர்ப்பம் சந்தேகம் தெரிவிக்கவும்" என்று இருந்தது. அதைப் படித்து எந்தப் பெண் வாய் திறப்பார்? நாங்கள் எழுதிய மாற்று வரைவு இதோ: "நீங்கள் கருவுற்றிருந்தால், அல்லது அப்படி இருக்கலாம் என்று தோன்றினால், படமெடுக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள்."

'கருவுற்றிருந்தால்' என்பதா, 'பிள்ளை உண்டாகியிருந்தால்' என்பதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. படிகளை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறேன். தேநீருக்குச் செல்லும்முன், சிவப்புப் பேனாவோடு ஒருமுறை பார்த்துத் தாருங்கள். வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.