அதிகாரத்தின் நிழல் படாத தொண்டு



கல்வியினால் எய்தும் கௌரவத்தைக் கொண்டாடக் கூடியிருக்கும் இப்பட்டமளிப்புச் சபையில், தாம் கற்ற கல்வியும் பெற்ற குருத்துவமும் பிறர் கண்ணுக்குப் புலப்படாவண்ணம் மறைத்து, கூலியாளின் உடையில் அயல்நாட்டினுள் புகுந்த ஒரு மகானின் சரித்திரத்தை எடுத்துரைக்க விரும்புகிறேன். இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அடிகளே அவர்.

1651ஆம் ஆண்டு கோவாவின் பெனாலிம் கிராமத்தில், கொங்கணி பேசும் குடும்பத்தில் தோன்றி, 1676இல் குருப்பட்டம் பெற்ற அவர், விரும்பியிருந்தால் போர்த்துக்கேய ஆட்சியின் பாதுகாப்பில், சிறந்த பிரசங்கியார் என்ற புகழோடு காலங்கழித்திருக்கலாம். ஆயினும், 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்கக் குருமார் அங்கே தடைசெய்யப்பட்டனர் என்பதும், மக்கள் ஆண்டாண்டாய் மேய்ப்பரின்றி வாடுகின்றனர் என்பதும் அவர் நெஞ்சை உறுத்தின. 1687இல் கடல்கடந்து இலங்கையை அடைந்தார்.

யாழ்ப்பாணத்தில் அவர் மேற்கொண்ட உபாயம் நூதனமானது. கழுத்தில் செபமாலை துலங்க, வீடுவீடாகச் சென்று பிச்சைக்கு நிற்பார். எவருடைய பார்வை அம்மாலையின்மீது படிந்து மீள மறுக்கிறதோ, அவரிடம் மட்டும் நாளடைவில் தம்மை வெளிப்படுத்துவார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர். தமிழ் கற்று, பகலில் மறைந்திருந்து, இரவில் திருப்பலி நிறைவேற்றினார்.

ஒல்லாந்தர் கைக்கு எட்டாத கண்டி இராச்சியத்திலும் அவருக்கு வரவேற்பு காத்திருக்கவில்லை. 1692இல் போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தின்பேரில் சிறையிடப்பட்டார். சிறைவாசத்தையே பாடசாலையாக்கிச் சிங்களம் பயின்றார். விடுதலைக்குப்பின், 1697இல் வைசூரி கண்டி நகரைச் சூறையாடியபோது, உற்றாரும் நோயாளிகளைக் கைவிட்டோடிய அந்நாளில், அவர் குடிசைகளைத் தேடிச் சென்று, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, எடுப்பாரற்ற பிணங்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். பௌத்தர் என்றும் கிறிஸ்தவர் என்றும் அவர் பேதம் பாராட்டவில்லை. ஒற்றர் என்று ஐயுற்ற அரசனான இரண்டாம் விமலதர்மசூரியனே பின்னர் அவரை மதித்தான். ஆயர் பதவி தேடிவந்தபோதும் அவர் ஏற்கவில்லை. தாயகம் திரும்பாமலே 1711இல் கண்டியில் உயிர்நீத்தார். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இளைஞர்களே, அக்காலத்துச் சமயப் பிரசாரகர் பலர் சாம்ராஜ்யங்களின் கப்பலில், பீரங்கிகளின் பின்னே வந்தனர். இவருக்கோ எந்தச் சாம்ராஜ்யமும் துணையில்லை. தீவின் கரையோரத்தை ஆண்ட ஐரோப்பிய வல்லரசோ பகை. எனவே அவரை நம்பியோர் அவருடைய பதவியைக் கண்டு நம்பவில்லை, பணியைக் கண்டே நம்பினர். நீங்கள் இன்று பெறும் பட்டம் உங்களுக்கு உத்தியோகத்தையும் மரியாதையையும் ஈட்டித்தரும், ஈட்டித்தரவும் வேண்டும். ஆனால் உங்கள் பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகளைப் படித்தறியாத ஏழையொருவன், மருத்துவமனையிலோ, நீதிமன்றத்திலோ, கிராமப் பள்ளியிலோ உங்கள் முன் வந்து நிற்கும்போது, அவனுடைய மொழியில் பேசி, அவன் குறையைத் தீர்த்துவைக்கும் திறமும் மனமும் உங்களிடம் உண்டா என்பதே நீங்கள் இனி எழுதவேண்டிய பரீட்சை. அதில் நீங்கள் அனைவரும் தேர்ச்சி பெறுக என மனமார வாழ்த்தி அமைகின்றேன்.