வரிப்பணமும் தோட்டப் பள்ளிக்கூடமும்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நாம் வரி கட்டுகிறவர்களா? எந்த வாயால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கேட்பது?" என்கிறார்கள் சிலர். வெட்டுக்காட்டுச் சம்பளம் வருமான வரி கட்டும் அளவுக்கு வருவதில்லை, உண்மைதான். ஆனால் 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரையில் பல சாமான்களுக்கு நூற்றுக்கு 6 வெள்ளி பொருள் சேவை வரி கொடுத்தது யார்? 2018 செப்டம்பரில் திரும்பி வந்த விற்பனை வரி ரசீதில் தெரியாமல் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்கும் முன்னே, 1950-51இல் கொரியச் சண்டையால் ரப்பர் விலை ஏறியபோது ஏற்றுமதி வரி கஜானாவை நிரப்பியது. அந்தப் பாலை வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

போன பணம் திரும்பி வருகிறதா? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அதனால் கட்டிடம் துரைமார் நிலத்தில் எழும்பியது. இன்றைய சிக்கலின் வேர் அதுவே. கல்வி கூட்டரசின் பொறுப்பு; நிலம் மாநிலத்தின் அதிகாரம். தோட்டம் கட்டும் நிலவரி மாநிலத்துக்குப் போகிறது, மாநிலமோ தமிழ்ப் பள்ளி நடத்துவதில்லை. ஆசிரியர் சம்பளம் கூட்டரசு தருகிறது. ஆனால் தனியார் நிலத்தில் நிற்கும் உதவி பெறும் பள்ளியின் கூரை ஒழுகினால், ஒதுக்கீடு வந்தால் உண்டு; வராவிட்டால் பள்ளி வாரியம் கையேந்த வேண்டியதுதான். நம் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

கையேந்தும் இடத்திலும் வரி ஒரு வேலை செய்கிறது, கேளுங்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற நிதிக்கு நன்கொடை கொடுப்பவர் அத்தொகையை ஒரு வரம்பு வரை தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். நூற்றுக்கு 24 வீதம் வரி கட்டும் பட்டணத்துக் கம்பெனி ஆயிரம் வெள்ளி கொடுத்தால் 240 வெள்ளி வரி மிச்சம். நம் ஆள் பிரட்டுக் களத்தில் பத்து வெள்ளி கொடுத்தால் பத்தும் அவர் கைக்காசு! ஆக, வசதியுள்ள பெற்றோர் நிறைந்த பள்ளிக்குச் சர்க்கார் பணம் சந்தடியில்லாமல் கூடுதலாகப் போய்ச் சேருகிறது. வரவு செலவுத் திட்டத்தில் இதைப் பள்ளிச் செலவென்று யாரும் எழுதுவதில்லை.

கிராணிமார்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். நம் வாரியத்தின் கட்டிட நிதிக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் எழுதுங்கள். பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறதென்று நில அலுவலகத்தில் தேடுங்கள். தோட்டம் கைமாறும் முன்னே அந்த நிலத்தைப் பிரித்துப் பள்ளிக்கு எழுதித் தரும்படி நிர்வாகத்தைக் கேட்கும் கடிதம், அடுத்த கூட்டத்தில் உங்கள் கையெழுத்துக்கு வரும்.