பாட்டுக்குள் ஏறிய பெயர்கள்: காங்கோ ரும்பா, அன்றும் இன்றும்



இசையைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் காசைப் பற்றியும் பேசப்போகிறேன், பொறுத்தருள வேண்டும். காங்கோ ரும்பாவை முதன்முதலாகக் கேட்பவர்களைக் கிட்டார்தான் கட்டிப்போடும். கேட்டுக்கேட்டுப் பழகிய பிறகு இன்னொன்று காதில் விழத் தொடங்கும். பாட்டுக்கு நடுவே ஆள்பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அவை யாருடைய பெயர்கள், யார் கொடுத்த காசுக்கு வந்தன என்று விசாரித்துக்கொண்டே போனால், அந்நாட்டின் அரசியல் வரலாறு பாதி கைக்கு வந்துவிடும்.

தொடக்கம் இசைத்தட்டில். நம் பெரியவர்கள் ‘நாய் மார்க்’ என்று சொல்வார்களே, அதே எச்.எம்.வி. 1930களில் கியூபா நாட்டுப் பாட்டுகளை ஜி.வி. என்ற வரிசையில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. பெல்ஜிய ஆட்சியில் லியோபோல்ட்வில் என்று வழங்கிய இன்றைய கின்ஷாசாவில் அவை வீடுவீடாகப் புகுந்தன. கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் காங்கோ ஆற்றுப் பகுதி மக்களும் ஏராளம். அவர்களுடைய தாளம் கடல் கடந்து போய், ஸ்பானிய மொழியும் சேர்ந்து, திரும்பி வந்தது. கேட்டவர்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை.

அதை உள்ளூர்ச் சரக்காக்கியவர்கள் கிரேக்க வணிகர்கள். நிக்கோலா ஜெரோனிமிடிஸ் 1948இல் ‘ங்கோமா’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். படகுத் தொழிலாளியாக இருந்த வெண்டோ கோலோசோய் அங்கே பாடிய ‘மரி லூயிஸ்’ ஊரையே புரட்டிப்போட்டது. நள்ளிரவில் அந்தத் தட்டைப் போட்டால் செத்தவர் எழுந்து வருவார் என்று வதந்தி கிளம்பி, பாதிரிமார் கொதித்துப்போனார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். பாட்டும் அந்த அளவுக்குள் அடங்கியாக வேண்டும்.

1960 ஜனவரிக்கு வருவோம். விடுதலையைப் பற்றிப் பேச காங்கோ தலைவர்கள் பிரஸ்ஸல்ஸில் கூடினார்கள். பாடகர் ஜோசஃப் கபசேலேயும் தம் குழுவோடு போயிருந்தார். விடுதலைக்கு நாள் குறித்ததும் பிறந்தது ‘எந்தெபாந்தாஸ் ச்சா ச்சா’. லுமும்பா, கசவுபு, போலிகாங்கோ என்று தலைவர்களின் பெயர்களும் கட்சிகளின் பெயர்களும் வரிசையாக வரும். ஒருவரை ஒருவர் நம்பாத அத்தனை பேரையும் ஒரே மெட்டில் உட்கார வைத்த பாட்டு அது. அரசியலில் அந்த ஒற்றுமை சில மாதம்கூட நிற்கவில்லை. 1961 ஜனவரியில் லுமும்பா கொல்லப்பட்டார். பாட்டு இன்னும் நிற்கிறது.

இனி ஃபிராங்கோ. என் கணக்கில் இந்த இசையின் தலைமகன் இவர்தான். லுவாம்போ மக்கியாடி என்பது முழுப்பெயர், 1938இல் பிறந்தவர். அம்மா சந்தையில் பணியாரம் சுட்டு விற்பார். தகர டப்பாவில் தானே செய்த கிட்டாரை மீட்டி அம்மாவின் கடைக்கு ஆள் சேர்ப்பது பையனின் வேலை. பாட்டும் வியாபாரமும் ஒட்டிப் பிறந்தவை என்பது அவருக்குப் பாலபாடம். 1956இல் ஓ.கே. ஜாஸ் குழு உருவானது, ‘ஓ.கே.’ என்பது அவர்கள் வாசித்த மதுக்கடையின் பெயரிலிருந்து வந்தது. 1973இல் வந்த ‘அஸ்தா’ அவருடைய பெரிய வெற்றிகளுள் ஒன்று. உருகி உருகிப் பாடுவார். பாட்டின் பொருளோ கின்ஷாசாவில் வோக்ஸ்வேகன் கார் விற்ற கம்பெனிக்கு விளம்பரம்! அவ்வளவு அழகான விளம்பரத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அதிகாரத்தோடு அவருக்கு இருந்த உறவு சிக்கலானது. 1978இல் ஆபாசப் பாட்டுக்காகச் சிறைக்குப் போனார். 1984இல் அதே மனிதர் அதிபர் மொபுட்டுவுக்கு வாக்குக் கேட்டு இசைத்தட்டு வெளியிட்டார். கோழை என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இசைக்குழு நடத்தத் தேவையான எல்லாமே ஒரே ஆளின் கண்ணசைவில் இருந்த நாடு அது.

பாட்டின் உருவமும் மாறியது. முதலில் நிதானமான பாடல்; பிறகு பாட்டு நின்று கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்தும் ‘செபென்’, ஆடுவதற்கான பகுதி. 1969இல் தொடங்கிய ஸைக்கோ லங்கா லங்கா குழுவின் இளைஞர்கள் டிரம்பெட், சாக்ஸபோன்களைத் தள்ளிவிட்டு செபெனை நீட்டினார்கள். 1980களில் அவர்கள் மேடைக்கு ‘அத்தலாக்கு’ வந்தார். காலியான பூச்சிமருந்து டப்பாவுக்குள் மணிகளைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே, எந்த அசைவை ஆட வேண்டும் என்று கூவுகிறவர். தகரம் கரகரக்கும், அதன்மேல் அவருடைய தொண்டை கரகரக்கும். தாளம், கட்டியம் இரண்டும் ஒரே ஆளின் பொறுப்பு. ஆள்பெயர்களை முழங்கும் வேலையும் அவரிடமே பெரும்பாலும் வந்து சேர்ந்தது.

1990களில் பொருளாதாரம் குலைந்தது. திருட்டுக் கேசட்டுகள் சந்தையை நிரப்பின. தட்டு விற்று யாரும் வயிறு கழுவ முடியாது. அப்போது தழைத்ததுதான் ‘லிபாங்கா’. கல்லெறிதல் என்று அதைச் சொல்வார்கள். காசு கொடுத்தவர் பெயரைப் பாட்டுக்குள் எறிவது. அமைச்சர், தளபதி, வைர வியாபாரி, பாரிஸில் பிழைக்கப்போய் ஊரில் தன் பெயர் ஒலிக்க ஆசைப்படும் இளைஞன் என எல்லாரும் வாடிக்கையாளர்கள். ஒரே பாட்டில் பல பத்துப் பெயர்கள் விழும். கலை விலைபோய்விட்டது என்று இதைப் பழிக்கும் விமர்சகர்கள் உண்டு. பாட்டுடைத் தலைவன் இல்லாமல் ஒரு கலம்பகம்கூடப் பாடாத மொழிக்காரர்கள் நாம். அந்தப் பழிப்பில் நமக்கு அவ்வளவு உரிமை கிடையாது. குறை இருந்தால் அது வேறிடத்தில். பெயர் வாங்கியவர்கள் பலர் ஆட்சியாளரின் ஆட்கள்.

வெளிநாடுவாழ் காங்கோ மக்களிடையே அது வினையாக வெடித்தது. ‘கோம்பத்தான்’ எனப்பட்ட எதிர்ப்பாளர்கள், அதிபர் ஜோசஃப் கபிலாவின் அரசுக்குப் பாடியவர்களை ஐரோப்பாவில் மேடையேற விடுவதில்லை என்று கிளம்பினார்கள். கச்சேரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. 2020 பிப்ரவரி 28 அன்று காங்கோ பாடகர் ஃபாலி இப்புப்பா பாரிஸின் பெர்சி அரங்கில் பாடினார். உள்ளே கச்சேரி நடந்தது. அருகே லியோன் ரயில் நிலையத்துப் பக்கம் வண்டிகள் எரிந்தன. கபிலா பதவியிலிருந்து இறங்கி ஓராண்டு கடந்திருந்தது. ஆனால் பழைய ஒலிப்பதிவுகளில் அந்தப் பெயர்கள் அப்படியே இருந்தன.