வளையத்தில் ஒரு கிளை

பிரிட்டனில் பிளக்கைத் திறந்தால் உள்ளே குட்டியாக ஒரு ஃபியூஸ் உட்கார்ந்திருக்கும். அங்கே சாக்கெட் வயரிங் பெரும்பாலும் வளையம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் எல்லா சாக்கெட்டையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட மெயின் பெட்டிக்கே திரும்பும். இரு பக்கமும் கரண்ட் வருவதால்தான் 32 ஆம்பியர் தாங்குகிறது.

அந்த வளையத்திலிருந்து ஒரு கிளை இழுத்தால்? அதில் கரண்ட் வர ஒரே வழிதானே! ஃபியூஸ் இல்லாவிட்டால் ஒரே ஒரு சாக்கெட். இரட்டையாக இருக்கலாம், அவ்வளவுதான். கூடுதலாக வேண்டுமா, 13 ஆம்பியர் ஃபியூஸ் பெட்டி ஒன்றை வளையத்துக்கும் கிளைக்கும் நடுவே வைக்கணும். அதில் வரவுக்குத் தனி முனை, போக்குக்குத் தனி முனை. அவசரத்தில் சிலர் கிளையையும் வரவு முனையிலேயே முறுக்கிவிடுவார்கள். ஃபியூஸ் சும்மா வேடிக்கை பார்க்கும்!

இன்னொன்று: வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் சாக்கெட்டெல்லாம் வேலை செய்யும். அதனால் விவரமான எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, வளையம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் மீட்டரைத்தான் எடுப்பார்.