ஆற்றில் கலந்த உப்பு



குடிதண்ணீரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். தண்ணீர் கலங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். கெட்டுப்போனால் மூக்குக்குத் தெரியும். இரண்டுக்கும் தெரியாமல் வருகிற சரக்குகள் உண்டு. புரோமினும் அயோடினும் அப்படிப்பட்டவை.

இரண்டும் கடலைச் சேர்ந்தவை. 1811-இல் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினை எடுத்தார். 1826-இல் பலார் என்ற இளைஞர், உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் புரோமினைக் கண்டார். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. நல்ல ஆற்றிலோ மிகச் சொற்பம்.

அப்படியானால் கடலுக்கு வெகுதூரத்தில், மலைநாட்டு ஆற்றில் புரோமைடு எப்படிப் பெருகியது? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற இரும்பாலை நகரம் இருக்கிறது. மொனாங்கஹீலா, அலிகெனி என்ற இரண்டு ஆறுகள் அங்கே கூடுகின்றன. 1892-இல் ஹோம்ஸ்டெட் இரும்பாலைத் தொழிலாளிகளை அடக்க முதலாளியின் கூலிப்படை படகில் வந்து இறங்கியது இந்த மொனாங்கஹீலாவில்தான். அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் குடிப்பதும் இந்த ஆறுகளின் தண்ணீரையே.

2008-ஐ ஒட்டி அந்தப் பிரதேசத்தில் எரிவாயுக் கம்பெனிகள் வேகமாகக் கிணறு தோண்டின. பூமிக்கடியில் பாறை. முன்னொரு யுகத்துக் கடலின் உப்புநீர் அதில் அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீரையும் மணலையும் மருந்துகளையும் அழுத்தி உள்ளே செலுத்திப் பாறையைப் பிளந்தால் வாயு வரும். கூடவே அந்த உப்புநீரும் வரும். கம்பெனிகள் அதை லாரியில் ஏற்றிச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பின. அங்கே எண்ணெயை எடுக்கலாம், சில உலோகங்களை எடுக்கலாம். கரைந்த புரோமைடு அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. நிலக்கரி மின்நிலையங்களும் தம் பங்குக்கு விட்டன. புகையைக் கழுவும் தண்ணீரில் நிலக்கரியின் புரோமைடு இறங்கிவிடுகிறது. காற்றைச் சுத்தம் செய்து ஆற்றைக் கெடுத்த வேலை இது!

புரோமைடு அந்த அளவில் தானாக யாரையும் கொல்வதில்லை. வினை பிறக்கிற இடம் குடிநீர் நிலையம். கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறார்கள். போடத்தான் வேண்டும், குளோரினை நிறுத்தினால் காலரா வந்து வாசலில் நிற்கும். அந்தக் குளோரின் புரோமைடை உசுப்பிவிடுகிறது. உசுப்பப்பட்ட புரோமின், தண்ணீரிலுள்ள இலை தழை மக்கிய சத்தோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற கூட்டுப்பொருள்களாக மாறுகிறது. 1974-இல் ராட்டர்டாம் நகர விஞ்ஞானி ரூக் இதை வெளிப்படுத்தினார். இத்தகைய தண்ணீரை நெடுங்காலம் குடிப்பதற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி நான்கு வகை டிரைஹாலோமீத்தேன்கள் சேர்ந்து லிட்டருக்கு 80 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்.

படிகாரமும் மணல் வடிகட்டியும் புரோமைடைப் பிடிப்பதில்லை. பிடிக்கக்கூடிய இயந்திரத்துக்குச் செலவு ஏராளம். அதை வாங்கினால் பணம் யார் தருவது? குழாய்த் தண்ணீருக்கு வரி கட்டுகிறவர்கள்!

2010-இல் பென்சில்வேனியா மாகாண சர்க்கார் உப்புக் கழிவுக்கு விதி செய்தது. ஏற்கெனவே நடந்துவந்த நிலையங்களுக்கு விலக்கும் கொடுத்தது. ஓட்டை வைத்தே வேலி போட்டார்கள். புரோமைடு குறையவில்லை என்று கூச்சல் எழுந்தபின், 2011 ஏப்ரலில், 15 நிலையங்களுக்குக் கழிவு அனுப்புவதை மே 19-க்குள் நிறுத்தும்படி கம்பெனிகளைச் சர்க்கார் 'கேட்டுக்கொண்டது'. உத்தரவு அல்ல, வேண்டுகோள்! லாரிகள் நின்றன. 2012-இல் மொனாங்கஹீலாவில் புரோமைடு குறைந்ததை விஞ்ஞானிகள் அளந்து கண்டார்கள். நகராட்சிக் கழிவுநீர் நிலையங்களுக்கு இந்தக் கழிவை விடலாகாது என்ற மத்திய சர்க்காரின் சட்டவிதி 2016-இல்தான் வந்தது.

அயோடின் சங்கதி வேறு விதம். அளவாக இருந்தால் அது உடம்புக்குத் தேவை. குறைந்தால் கழுத்துக்கழலை வரும். சீனாவில் சில பிரதேசங்களில் கிணற்று நீரிலேயே அயோடின் மிகுந்து, மிகுதியாலும் கழலை வந்திருக்கிறது. வாயுக் கிணற்று உப்புநீரில் புரோமைடோடு அயோடைடும் இருக்கிறது. அதிலிருந்து உண்டாகும் கூட்டுப்பொருள்கள் புரோமின் வகையைவிட உயிரணுக்களை அதிகம் தாக்குவதாகச் சோதனைச்சாலைகளில் கண்டிருக்கிறார்கள். நாம் மேலே சொன்ன 80 மைக்ரோகிராம் கணக்கில் அவை சேர்க்கப்படவில்லை.