எண்ணும் கண்ணும்
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



எண்களைப் படமாக்கிக் காட்டும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். சரித்திரம், சமூகம் முதலியவற்றைப் படிக்கத் தொடங்குவோர், "நமக்குக் கணக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஓர் உதாரணமே பதிலாகும்.

1900-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. கறுப்பு மக்கள் முன்னேறவே மாட்டார்கள் என்று அமெரிக்க வெள்ளையரில் படித்தவர்கள்கூடச் சாதித்து வந்த காலம் அது. அட்லாண்டா சர்வகலாசாலை ஆசிரியரான டு பாய்ஸ் என்னும் கறுப்பர், இதற்காக யாரையும் வையவில்லை, யாரிடமும் கெஞ்சவுமில்லை. தம் மாணவர்களைக் கொண்டு கையாலேயே சுமார் 60 வர்ணப் படங்கள் எழுதி அங்கே வைத்தார்.

அவற்றில் ஒன்றைக் கேளுங்கள். கறுப்பு நிறம் அடிமைகளைக் குறிக்கும். அதன் மேலுள்ள பச்சைக் கீற்று விடுதலை பெற்றவர்களைக் குறிக்கும். 1790-ல் பச்சை 100-க்கு 8. 1860-ல் 11. எழுபது வருஷத்தில் ஏறினது மூன்றே! யுத்தம் வந்து, 1865-ல் சட்டம் மாறிற்று. 1870-ல் படம் முழுவதும் பச்சை. எழுபது வருஷம் அசையாத தலையெழுத்து ஐந்து வருஷத்தில் அழிந்துபோயிற்றென்றால், அதை எழுதினவன் ஆண்டவனா, மனிதனா?

இன்னொரு படம், 1890-ல் ஜார்ஜியா மாகாணத்துக் கறுப்பர்கள் எங்கே வசித்தார்கள் என்பது. பெரிய நகரங்களில் 78,139 பேர். கிராமப்புறங்களில் 7,34,952 பேர். கிராமத்துக் கோட்டை நேராக இழுத்தால் காகிதம் கொள்ளாது. ஆகவே அதைச் சுருளாய்ச் சுற்றிவிட்டார்கள். பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிடுகிறது.

நீங்களும் செய்யலாம். பெரியது சிறியது காட்டக் கட்டங்கள் போடுங்கள். காலத்தால் ஏறி இறங்குவதைக் காட்டக் கோடு போடுங்கள். ஆனால் படமும் புரட்டு செய்யும், ஜாக்கிரதை! 50-ஐயும் 52-ஐயும் காட்டும் கட்டங்களைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 49-லிருந்து தொடங்கினால், ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்காய்த் தெரியும். ஆகவே எந்தப் படத்தைக் கண்டாலும், எண்ணினவன் யார், யாரை எண்ணாமல் விட்டான், எங்கிருந்து தொடங்கினான் என்று கேளுங்கள்.

உங்கள் ஊரில் நிலம் எந்தெந்த ஜாதியாரிடம் எவ்வளவு இருக்கிறது, பெண்களில் எத்தனை பேர் படித்தவர்கள் என்று வீடுவீடாய் எண்ணிச் சுவரில் எழுதி வையுங்கள். அதற்குப் பதில் சொல்ல எந்தப் புராணத்தாலும் ஆகாது. நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் சொந்த அறிவைக்கொண்டு சோதித்துச் சரியென்று பட்டதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.