சின்னப் புண்ணில் ஊறும் நஞ்சு



இறக்கக்கண்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. பிள்ளைகள் மணலில் விளையாடிக் கீறிக்கொள்வதும், நுளம்பு கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்குவதும் வீட்டுக்கு வீடு உள்ளதுதான். அந்தப் புண்ணில் அடிக்கடி குடியேறுகிற கிருமி ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும், மருந்திட்டால் ஆறிவிடும்.

ஆனால் இந்தக் கிருமியில் சில வகைகள் நஞ்சும் சுரக்கும். மேல்தோலின் கலங்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்களில் ஒன்று டெஸ்மோகிளின் 1. நஞ்சு அதைத்தான் வெட்டுகிறது என்பது 2000ஆம் ஆண்டில்தான் தெளிவானது. நஞ்சு புண்ணோடு நின்றால் அங்கே மட்டும் நீர்க்கொப்புளம் எழும். இரத்தத்தில் கலந்தால் உடம்பெங்கும் தோல் உரியும். கிருமி இருப்பது மூக்கோரத்திலோ தொப்புளிலோ, தோல் கழல்வது முதுகில்!

பச்சைப்பிள்ளைகளிடம் இப்படி உடம்பெங்கும் தோல் உரியும் நோயை 1878இல் பிராக் நகர வைத்தியர் ரிட்டர் விவரித்தார். இன்றும் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களையே இது பிடிக்கிறது. நஞ்சை எதிர்க்கும் சக்தி அவர்களுக்குக் குறைவு. அதை வெளியேற்றச் சிறுநீரகமும் முதிர்ந்திருக்காது. பெரியவர்களுக்கு வருவது அரிது. சிறுநீரக நோயாளிகளுக்கு வந்தால் ஆபத்து அதிகம்.

முதலில் காய்ச்சல். தொட்டுத் தூக்கினாலே பிள்ளை வீறிட்டு அழும். கழுத்து மடிப்பு, கமக்கட்டு, தொடை இடுக்கு சிவக்கும். வாயைச் சுற்றிப் பொருக்கு வெடிக்கும். பிறகு, கொதிநீர் பட்டதுபோல், லேசாக உரசினாலே தோல் கழன்று வரும். வாய்க்குள் புண் இருக்காது. வாயும் கண்ணும் புண்ணாகியிருந்தால் அது மருந்து ஒவ்வாமையாகவும் இருக்கலாம், அதுவும் உயிராபத்தானதே.

இதைச் சூடு என்றோ அம்மாள் என்றோ நினைத்துக் காத்திருக்காதீர்கள். தோலை உரிக்கவோ, மஞ்சளோ பற்பசையோ பூசவோ வேண்டாம். நிலாவெளி ஆஸ்பத்திரிக்கோ திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கோ உடனே கொண்டுபோங்கள். தோல் உரியுமுன் எங்கே சின்னப் புண் இருந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நாளத்தில் ஏற்றும் அன்டிபயோட்டிக் கிருமியை அடக்கும். உரிவது மேல்தோலின் மேற்படை மட்டுமே; ஆகவே காலத்தோடு வைத்தியம் கிடைத்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

வீட்டில் யாருக்காவது கட்டோ சீழ்ப்புண்ணோ இருந்தால், அவர் பச்சைப்பிள்ளையைத் தூக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். அவருடைய துவாயையும் வேறாக்கி வையுங்கள்.